நைஸ்: ஓர் ஆங்கிலப் பெயரடையின் பொருளும் பிறப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆங்கிலம் படிக்கத் தொடங்கியதும் நாவில் ஒட்டிக்கொள்ளும் சொற்களில் நைஸ் ஒன்று. நல்ல நாளும் நைஸ், நல்ல ஆளும் நைஸ். ஆனால் பெரிய அகராதி எதையாவது திறந்து அதன் பழைய பொருள்களைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும்: மூடமான, கூச்சமுள்ள, எதிலும் குறை காண்கிற, நுண்ணிய, துல்லியமான, அற்பமான, இனிய. ஒரே சொல்லுக்குள் இவ்வளவும் எப்படி அடங்கின என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

நைஸ் என்றால் இன்று என்ன பொருள்?

பெரும்பாலும் இரண்டு. ஒரு பொருளையோ நிகழ்வையோ பற்றிச் சொன்னால் 'நன்றாக இருக்கிறது, மனதுக்குப் பிடிக்கிறது'. ஆளைப் பற்றிச் சொன்னால் 'நல்ல மாதிரி, அன்பாகப் பழகுகிறவர்'. அன்றாடப் பேச்சில் நைஸ் வருகிற இடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது பேச்சில் குறைவு, எழுத்தில்தான் அதிகம்: நுட்பமான, கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற. சட்டம், தத்துவம் பற்றிய எழுத்தில் 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று வந்தால் 'அழகான வேறுபாடு' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. நூலிழை அளவேயான வேறுபாடு என்பதுதான் அங்கே பொருள்.

முதலில் அது 'முட்டாள்தனமான' என்று பொருள்பட்டதாமே, உண்மையா?

உண்மைதான். 1300ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்தில் இந்தச் சொல் தென்படத் தொடங்கியபோது ஒருவரை நைஸ் என்று சொன்னால் அது வசை. அறிவில்லாதவர், விவரம் கெட்டவர் என்று பொருள்.

இதற்கு 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரைவிட நல்ல சாட்சி கிடையாது. 1380களில் அவர் எழுதிய 'ட்ரொய்லஸ் அண்ட் கிரிசைட்' என்ற நெடும்பாடலின் இரண்டாம் பகுதியில், மொழி மாறுவதைப் பற்றியே சில வரிகள் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளில் பேச்சின் வடிவம் மாறிவிடுகிறது, அன்று மதிப்போடு இருந்த சொற்கள் இன்று நமக்கு வியப்பூட்டும் அளவுக்கு மூடத்தனமாகவும் விநோதமாகவும் தோன்றுகின்றன, ஆனாலும் அவர்கள் அப்படித்தான் பேசினார்கள் என்கிறார். அந்த 'மூடத்தனமாக' என்ற இடத்தில் சாசர் எழுதிய சொல் நம்முடைய நைஸ்தான். சொற்கள் மாறும் என்று சொல்ல அவர் கையில் எடுத்த சொல்லே பிறகு இப்படித் தலைகீழாக மாறியது. ஆங்கில இலக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்களில் இது ஒன்று.

அது எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து, பழைய பிரெஞ்சு வழியாக. லத்தீனில் 'ஸ்கீரே' என்றால் அறிதல், 'நெ' என்றால் இல்லை. இரண்டும் சேர்ந்து 'நெஸ்கியுஸ்', அதாவது அறியாதவன். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'நீஸ்' ஆனது. அங்கே அதன் பொருள் மூடமான, கையாலாகாத, அப்பாவியான என்று பரந்திருந்தது.

1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுக்கே மேலிடம். அந்தக் காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்து குடியேறிய ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்களில் இதுவும் ஒன்று.

அப்படியானால் சயின்ஸ் என்ற சொல்லோடு நைஸுக்கு உறவு உண்டா?

நெருங்கிய உறவு. சயின்ஸ் என்பதும் அதே 'ஸ்கீரே'யிலிருந்து வந்ததுதான். மனசாட்சியைக் குறிக்கும் கான்ஷியன்ஸ், உணர்வோடு இருப்பதைக் குறிக்கும் கான்ஷியஸ், எல்லாம் அறிந்த என்று பொருள்படும் ஆம்னிஷியன்ட் ஆகியவையும் இந்தக் குடும்பமே. அறிவைக் குறிக்கிற பெரிய குடும்பத்தில் 'அறிவில்லாத' என்ற பொருளோடு பிறந்த பிள்ளை நைஸ்.

இன்னும் ஆழமாகப் போகலாம். 'ஸ்கீரே'யை வெட்டு, பிரி என்று பொருள்படும் இன்னும் தொன்மையான ஒரு வேரோடு மொழியியலாளர்கள் இணைக்கிறார்கள். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்ப்பதே அறிவு என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. தமிழில் பகுத்தறிவு என்று சொல்லும்போது நாமும் அதையேதான் சொல்கிறோம்: பகுத்து அறிதல். நைஸ் பகுத்தறியத் தெரியாதவனைக் குறித்துத் தொடங்கி, பிறகு மிக நுட்பமாகப் பகுத்தறிவதைக் குறிக்கும் சொல்லாக ஆனது. நடுவில் நடந்தது என்ன என்பதுதான் அடுத்த கேள்வி.

மூடமான என்பது எப்படி இனிய என்று ஆனது?

ஒரே தாவலில் ஆகவில்லை. சுமார் 500 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு அடியும் சிறியது, முந்தைய அடியிலிருந்து எளிதாக எட்டக்கூடியது. முதல் அடியையும் கடைசி அடியையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் நம்ப முடியாததாகத் தெரிகிறது.

விவரமில்லாதவர் என்ற சொல் பல வகை மனிதர்கள் மேல் விழும். எதையும் யோசிக்காமல் ஆடம்பரமாக உடுத்தி, மனம்போனபடி நடக்கிறவரும் விவரமில்லாதவர்தான். உலகம் தெரியாமல் ஒதுங்கி நிற்கிறவரும் விவரமில்லாதவர்தான். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நைஸ் இந்த இருவரையும் குறித்தது. ஒரே சொல் ஒரு பக்கம் வரம்பு மீறியவரையும் இன்னொரு பக்கம் கூச்ச சுபாவிகளையும் சுட்டியது.

இரண்டாவது கிளைதான் நம்மை இன்றைய பொருளுக்குக் கொண்டு வருகிறது. கூச்சப்படுகிறவர் சட்டென்று எதையும் ஏற்க மாட்டார், தயங்குவார். தயங்குகிறவர் வெளியிலிருந்து பார்க்கும்போது எதிலும் குறை காண்கிறவர் போலத் தெரிவார். இது வேண்டாம், அது சரியில்லை என்று சொல்கிறவர் என்ற பொருள் அப்படி ஒட்டிக்கொண்டது.

அப்புறம் திருப்பம். எல்லாவற்றிலும் குறை காண்பது ஒரு பழக்கம் என்றால், அதற்கு அடிப்படை ஒரு திறமை: சின்ன வேறுபாட்டையும் கண்டுபிடிக்கிற திறமை. ஒருவரைக் குறை சொல்லப் பயன்பட்ட சொல் அங்கே பாராட்டாகிறது. 16ஆம் நூற்றாண்டில் நைஸ் என்றால் நுணுகிப் பார்க்கிற, துல்லியமான. பார்க்கிற கண்ணிலிருந்து பார்க்கப்படுகிற பொருளுக்கும் அது தாவியது. நுணுகிப் பார்க்க வேண்டிய விஷயமும் நைஸ், பதமாகக் கையாள வேண்டிய மென்மையான பொருளும் நைஸ்.

கடைசி அடி சுலபம். தேர்ந்த ரசனை உள்ளவர் நைஸ் என்றால், அவருடைய ரசனைக்கு ஏற்றதும் நைஸ். ரசனைக்கு ஏற்றது பிடித்தமானது. பிடித்தமானது இனியது. 18ஆம் நூற்றாண்டில் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் படிகள் ஒன்று முடிந்து ஒன்று என்று வரிசையில் வரவில்லை. பல பொருள்கள் ஒரே காலத்தில் பக்கம் பக்கமாக வாழ்ந்தன. 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் பல இடங்களில் எழுதியவர் எந்தப் பொருளை நினைத்தார் என்று அகராதிக்காரர்களே உறுதியாகச் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

தமிழில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நிறைய. நைஸுக்கு மிக நெருக்கமாக எனக்குத் தோன்றுவது மடம். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்கிற பட்டியலில் வரும் மடம். அதன் அடிப்படைப் பொருள் அறியாமை. மடமை என்றால் இன்றும் முட்டாள்தனம்தான். ஆனால் பழைய பாடல்களில் 'மட மான்' 'மட அன்னம்' என்று வரும்போது யாரும் அந்த மானை முட்டாள் என்று திட்டவில்லை. இளமையான, மென்மையான, கபடமில்லாத என்பதே அங்கே பொருள். அறியாமையிலிருந்து மென்மைக்கு நைஸ் போன அதே வழியில் தமிழும் தனியாக நடந்திருக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததல்ல. உலகம் தெரியாதவர்களைப் பார்த்து மனிதர்களுக்கு இரண்டு விதமாகவும் தோன்றுகிறது: எரிச்சலும் வருகிறது, கனிவும் வருகிறது.

வெகுளி இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. திருக்குறளில் 'அழுக்காறு அவாவெகுளி இன்னாச்சொல்' என்று வரும் வெகுளி கோபம். வெகுளாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இன்று 'அவன் ஒரு வெகுளி' என்றால் சூதுவாது தெரியாதவன். திருவள்ளுவர் காலத்து வாசகர் ஒருவர் அந்த வாக்கியத்தைக் கேட்டால் அந்த ஆளைவிட்டு விலகி நடந்திருப்பார்.

எதிர்த்திசையில் போனது நாற்றம். 'நாற்றத் துழாய்முடி நாராயணன்' என்று ஆண்டாள் பாடும்போது அது துளசியின் மணம். மு. வரதராசனார் போன்றோரின் மொழிநூல்களில் இந்த இரண்டு திசைகளுக்கும் பெயர் உண்டு: மேலே போவது உயர்பொருட்பேறு, கீழே இறங்குவது இழிபொருட்பேறு. நைஸ் உயர்பொருட்பேறு, நாற்றம் இழிபொருட்பேறு.

நைஸ் 'நயம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததா?

இல்லை. ஒலியும் பொருளும் ஓரளவு ஒத்துப்போவதால் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் சொற்களை ஒப்பிடும்போது இன்றைய வடிவங்களைப் பக்கத்தில் வைக்கக் கூடாது, கிடைக்கிற மிகப் பழைய வடிவங்களையும் பொருள்களையும் வைக்க வேண்டும். நைஸின் பழைய வடிவம் நெஸ்கியுஸ், பழைய பொருள் அறியாதவன். நயத்தல் என்பது சங்கப் பாடல்களிலேயே விரும்புதல் என்ற பொருளில் வரும் வினை. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகித்தான் போகின்றன, நெருங்கி வரவில்லை. நயத்துக்கு ஆங்கில வாரிசு தேவையே இல்லை. அதன் சொந்த வரலாறே போதுமான அளவுக்கு அழகானது.

நாம் 'நைசாக' என்று சொல்வது?

தமிழ்ப் பேச்சில் இந்தச் சொல்லுக்கு மூன்று வேலைகள். 'பொடி நைசாக இருக்கிறது' என்றால் துகள் மென்மையாக, வழவழப்பாக இருக்கிறது. 'நைசாக நழுவிவிட்டான்' என்றால் யாருக்கும் தெரியாமல் சாமர்த்தியமாக. 'நைஸ் பண்ணாதே' என்றால் குழைந்து பேசிக் காரியம் சாதிக்கப் பார்க்காதே. இவற்றில் எதுவும் இன்றைய ஆங்கில நைஸோடு அப்படியே பொருந்தாது. ஆங்கிலம் பேசுகிறவரிடம் 'ஹி நைஸ்லி எஸ்கேப்ட்' என்று சொன்னால் திருட்டுத்தனம் அவருக்குப் புரியாது, 'நல்லபடியாகத் தப்பினான்' என்றே எடுத்துக்கொள்வார்.

ஷேக்ஸ்பியர் நைஸ் என்று எழுதினால் எப்படிப் படிப்பது?

கவனமாக. அவர் காலத்தில் குறைந்தது நான்கைந்து பொருள்கள் புழக்கத்தில் இருந்தன, அவர் பலவற்றைப் பயன்படுத்துகிறார்.

'ரோமியோ அண்ட் ஜூலியட்'டில் ரோமியோவுக்குப் போய்ச் சேராத கடிதத்தைப் பற்றிப் பாதிரியார் லாரன்ஸ், அந்தக் கடிதம் நைஸ் அல்ல, மிக முக்கியமான செய்தி கொண்டது என்கிறார். அங்கே நைஸ் என்றால் அற்பமான. நுண்ணியது சிறியது, சிறியது அற்பமானது என்று போன ஒரு பக்கக் கிளை அது. இன்றைய பொருளை வைத்துப் படித்தால் 'கடிதம் இனிமையாக இல்லை' என்று ஆகிவிடும், காட்சியே குலைந்துபோகும்.

'ஐந்தாம் ஹென்றி'யில் அரசன் பிரெஞ்சு இளவரசி கேத்தரினிடம் முத்தம் கேட்கிறான். திருமணத்துக்கு முன் முத்தமிடுவது தங்கள் நாட்டில் வழக்கமில்லை என்று பதில் வருகிறது. நைஸ் வழக்கங்கள் பேரரசர்களுக்கு முன் பணிந்து வணங்கும் என்கிறான் அவன். 'நல்ல வழக்கங்கள்' என்று படித்தால் அவன் அவற்றைப் புகழ்வது போல இருக்கும். அவன் சொல்வது கறாரான, எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிற வழக்கங்கள். ஷேக்ஸ்பியரை அடிக்குறிப்பில்லாமல் படிக்கும்போது, தெரியாத சொற்கள் தரும் தொல்லை குறைவு. தெரியாத சொல் வந்தால் நின்று அகராதியைப் பார்ப்போம். தெரிந்த மாதிரி இருக்கிற சொல்லில் நிற்காமல் தாண்டிப் போய்விடுவோம்.

வாட்டர்லூ போரைப் பற்றி வெலிங்டன் நைஸ் என்று சொன்னாராமே?

சொன்னார். 1815 ஜூன் 18இல் நெப்போலியனைத் தோற்கடித்த மறுநாள், பிரசெல்ஸில் தாமஸ் கிரீவி என்ற அரசியல்வாதியிடம் பேசினார். பிரஷ்யத் தளபதி புளூகரும் தானும் 30,000 பேரை இழந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அது ரொம்பவும் நைஸான விஷயம், இவ்வளவு நெருக்கமான ஒன்றை நீங்கள் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றார்.

அவ்வளவு சாவுக்குப் பிறகு இப்படி ஒரு சொல்லா என்று படிக்கிறவர் அதிர்ச்சி அடைவது இயல்பு. ஆனால் அவர் மகிழ்ச்சியைச் சொல்லவில்லை. மயிரிழையில் தப்பியது, எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம் என்பதே பொருள். இனிய என்ற பொருள் அதற்குள் நன்றாகப் பரவிவிட்டிருந்தும், அவர் வாயில் வந்தது பழைய 'நூலிழை' நைஸ். வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் இங்கே தவறினால் ஒரு மனிதரையே கல்நெஞ்சராகக் காட்டிவிடுவோம்.

'இனிய' என்ற பொருள் சரியாக எப்போது வந்தது?

எழுத்தில் கிடைக்கும் தெளிவான சான்று 1769ஐ ஒட்டியது. 'அன்பான, பிறரைப் பற்றி யோசிக்கிற' என்று ஆளைக் குறிக்கும் பொருள் இன்னும் பிந்தியது, 1830 வாக்கில். ஆக, இன்று நாம் முதல் பொருளாக நினைப்பதுதான் குடும்பத்தில் கடைக்குட்டி.

புதுப் பொருள் வேகமாகப் பரவியது. எவ்வளவு வேகம் என்பதற்கு ஜேன் ஆஸ்டின் சாட்சி. 1817 இறுதியில் வெளிவந்த 'நார்தேங்கர் அபி' நாவலில் கேத்தரின் ஒரு புத்தகத்தை நைஸ் என்கிறாள். ஹென்றி டில்னி அவளைச் சீண்டுகிறான்: இது ரொம்ப நைஸான நாள், நாம் ரொம்ப நைஸாக நடந்துகொண்டிருக்கிறோம், நீங்கள் இருவரும் ரொம்ப நைஸான பெண்கள், எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்! முன்பு நேர்த்தியையும் நுட்பத்தையும் நயத்தையும் மட்டும் குறித்திருக்கும், இப்போது எதைப் பாராட்டவும் இதுதான் என்று அலுத்துக்கொள்கிறான். ஒரு சொல் அகலமாகி மெலிந்துபோவதை அது நடந்துகொண்டிருந்தபோதே ஒருவர் கதைக்குள் பதிவு செய்திருக்கிறார். இப்படிப்பட்ட சான்று எல்லாச் சொல்லுக்கும் கிடைத்துவிடாது.

ஆனால் டில்னிக்கும் முழுக் கதை தெரியவில்லை. நேர்த்தி, நுட்பம் என்று அவன் ஆதிப் பொருளாக நினைத்தது நடுவழிப் பொருள்தான். ஆதியில் இருந்தது மூடத்தனம்.

கட்டுரையில் நைஸ் எழுதக் கூடாது என்கிறார்களே?

பாதி சரி. ஒரு காட்சியையோ மனிதரையோ விவரிக்கும்போது நைஸ் எதையும் காட்டுவதில்லை. 'நைஸ் ரூம்' என்றால் வெளிச்சமா, அமைதியா, விசாலமா என்று தெரியாது. அங்கே எது நன்றாக இருந்தது என்று சொல்லும் சொல்லைத் தேடுவதுதான் முறை.

ஆனால் அது வெற்றுச் சொல் என்பதை நான் ஏற்கவில்லை. அன்றாடப் பேச்சில் மிதமான, தொல்லையில்லாத ஒரு பாராட்டு தேவைப்படுகிறது. எல்லாவற்றையும் அற்புதம், அபாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் உண்மையான அற்புதத்துக்குச் சொல் மிஞ்சாது. நைஸ் அந்த நடு இடத்தை நேர்மையாக நிரப்புகிறது. தமிழில் 'நல்லா இருக்கு' செய்கிற வேலை அது. அதை யாரும் ஒழிக்கச் சொல்வதில்லை.

1926இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஹென்றி ஃபவுலர், பெண்கள் அளவுக்கு மீறி விரும்பியதால்தான் இந்தச் சொல் தன் தனித்தன்மையை இழந்தது என்று எழுதினார். இது நியாயமற்ற குற்றச்சாட்டு. ஃபைன், கிரேட், கிராண்ட் எல்லாம் இதே போல அகன்று மெலிந்தவைதான். பாராட்டுச் சொற்கள் எந்த மொழியிலும் யார் வாயிலும் தேயும். அதற்கு ஒரு பாலினத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

உச்சரிப்பு எப்போதும் நைஸ்தானா?

இல்லை. சாசர் அதை ஏறக்குறைய 'நீஸெ' என்று சொல்லியிருப்பார். 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிரெழுத்துகள் எல்லாம் இடம் மாறின. பெரும் உயிரொலி மாற்றம் என்று அதைச் சொல்வார்கள். அதில் நெடில் ஈகாரம் ஐகாரமானது: 'டீமெ' டைம் ஆனது, 'ஈஸ்' ஐஸ் ஆனது, 'நீஸெ' நைஸ் ஆனது. எழுத்து பழையபடியே நின்றுவிட்டது, ஒலி நகர்ந்துவிட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டல் குழந்தைகளைப் படுத்தும் பாட்டில் பெரும் பங்கு இந்த மாற்றத்துக்கு உண்டு.

பிரான்ஸில் உள்ள நீஸ் நகரம்?

எழுத்து ஒன்றே, உறவு இல்லை. அது நைகே என்ற கிரேக்க வெற்றித் தேவதையின் பெயரையொட்டிப் பழங்காலத்தில் 'நிகையா' என்று அழைக்கப்பட்ட குடியிருப்பு. உடன்பிறந்தாரின் மகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான நீஸும் வேறு குடும்பம்.

பிரெஞ்சில் அந்தப் பழைய சொல் இன்னும் இருக்கிறதா?

புழக்கத்தில் இல்லை. ஆனால் ஸ்பானிஷில் அதே நெஸ்கியுஸ் 'நெஸியோ' என்று வாழ்கிறது, பொருள் முட்டாள், பிடிவாதக்காரன். ஆங்கிலத்தில் பாராட்டு, ஸ்பானிஷில் வசை. ஒரே தாய்க்குப் பிறந்த இருவர் வெவ்வேறு ஊரில் வளர்ந்த கதை.

நைஸ் என்று சொல்லிக் குத்திக்காட்டவும் செய்கிறார்களே?

குரலைக் கவனியுங்கள். ஏதோ உடைந்து சிதறியதும் 'நைஸ்' என்று இழுத்துச் சொன்னால் பாராட்டு இல்லை. 'எ நைஸ் மெஸ்' என்றால் நல்ல குழப்பம் பண்ணி வைத்திருக்கிறாய் என்று தமிழில் சொல்கிறோமே, அதேதான். இன்னொரு பயன்பாடும் உண்டு: 'நைஸ் அண்ட் வார்ம்', 'நைஸ் அண்ட் ஈஸி'. இங்கே நைஸ் தனிப் பொருள் தருவதைவிட அடுத்த சொல்லுக்கு அழுத்தம் தருகிறது. நல்ல கதகதப்பு என்று சொல்லும்போது 'நல்ல' செய்வது போல.

ஒரு சொல்லின் உண்மையான பொருள் அதன் முதல் பொருள்தானே?

இல்லை, இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சொல்பிறப்பியலைக் குறிக்கும் எடிமாலஜி என்ற சொல்லுக்குள் 'உண்மையான' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இருக்கிறது. அதனால் முதல் பொருளே உண்மைப் பொருள் என்று பழங்காலத்தில் நம்பினார்கள். இன்றும் அந்த நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. 'உன்னை நைஸ் என்று சொன்னால் முட்டாள் என்று அர்த்தம், தெரியுமா?' என்று சொல்பவர் சுவையான செய்தி ஒன்றைச் சொல்கிறார், ஆனால் தவறான முடிவுக்கு வருகிறார். ஒரு சொல்லின் பொருள், அதை இன்று பேசுகிறவர்களும் கேட்கிறவர்களும் எதைப் புரிந்துகொள்கிறார்களோ அதுதான். பிறப்பு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும். இன்று அது எங்கே இருக்கிறது என்று சொல்லாது. வெகுளி என்று ஒருவரை அன்போடு அழைத்தால் அவர் கோபக்காரர் என்று ஆகிவிடாது.

இப்படித் தலைகீழான வேறு ஆங்கிலப் பெயரடைகள்?

சில்லி நைஸுக்கு நேர் எதிர்த்திசையில் போனது. பழைய ஆங்கிலத்தில் அது மகிழ்ச்சியான, பேறு பெற்ற. பேறு பெற்றவர் களங்கமற்றவர், களங்கமற்றவர் இரங்கத்தக்கவர், இரங்கத்தக்கவர் பலவீனமானவர், அப்புறம் அறிவில் பலவீனமானவர். ஜெர்மனில் அதன் உறவான 'ஸேலிஷ்' இன்னும் பேறு பெற்ற என்றே நிற்கிறது. நைஸும் சில்லியும் ஏறத்தாழ ஒரே நடுவழியில், கபடமில்லாத பேதை என்ற இடத்தில், ஒன்றையொன்று கடந்து போயின.

ஸாட் என்றால் முன்பு நிறைந்த, வயிறார உண்ட. நிறைவிலிருந்து சலிப்பு, சலிப்பிலிருந்து துயரம். ஃபாண்ட் முதலில் பைத்தியக்காரத்தனமான, பிறகு பைத்தியமாக அன்பு வைத்த, இன்று பிரியமான. ப்ரிட்டி என்பது தந்திரமான என்று தொடங்கி அழகான என்று ஆனது. டெரிஃபிக் அச்சமூட்டுவதாக இருந்து அருமையானதாக மாறியது. அதே அச்சத்தோடு தொடங்கிய ஆஃபுல் மட்டும் மோசமான என்ற பக்கம் இறங்கிவிட்டது.

கணினியில் நைஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறதே?

யூனிக்ஸ், லினக்ஸ் அமைப்புகளில் இருக்கிறது. ஒரு நிரல் மற்ற நிரல்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதற்கு லினக்ஸில் -20 முதல் 19 வரை எண் கொடுப்பார்கள். எண் கூடினால் அது மற்றவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கும், குறைந்தால் முந்திக்கொள்ளும். சாதாரணப் பயனர் தன் நிரலின் எண்ணைக் கூட்டலாம். சுழிக்குக் கீழே இறக்க நிர்வாகி அனுமதி வேண்டும். 1830களில் பரவிய 'பிறரைப் பற்றி யோசிக்கிற' என்ற பொருளை அப்படியே எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பெயர்சூட்டல்.

பழைய ஆங்கில நூலில் இந்தச் சொல் வந்தால் எந்தப் பொருளை எடுப்பது?

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1500க்கு முன் என்றால் மூடமான, வரம்பு மீறிய, கூச்சமுள்ள என்று தொடங்குங்கள். 1500க்கும் 1750க்கும் இடையில் என்றால் கறாரான, நுண்ணிய, துல்லியமான, அற்பமான ஆகியவற்றைச் சோதியுங்கள். அதற்குப் பிறகு இனிய என்பது வரலாம், ஆனால் வெலிங்டனை மறக்க வேண்டாம், 19ஆம் நூற்றாண்டு முழுக்கப் பழைய பொருளும் கூடவே வருகிறது.

அடுத்து, அது எந்தப் பெயர்ச்சொல்லுக்கு அடையாக நிற்கிறது என்று பாருங்கள். கேள்வி, வாதம், வேறுபாடு, சமநிலை, அளவீடு போன்றவை என்றால் பெரும்பாலும் நுண்ணிய. காது, கண், நாக்கு என்றால் சின்ன வேறுபாட்டையும் உணர்கிற. மனசாட்சி என்றால் சிறு தவறுக்கும் உறுத்துகிற. இதன் பெயர்ச்சொல் வடிவமான நைஸிட்டிக்கும் இதே பாதைதான்: பழைய பிரெஞ்சில் மூடத்தனம், இன்று நுணுக்கம். 'டு எ நைஸிட்டி' என்றால் இம்மியும் பிசகாமல்.

இரண்டும் உதவவில்லை என்றால் வாக்கியத்தில் நைஸ் இருக்கும் இடத்தில் 'நுண்ணிய' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். 17, 18ஆம் நூற்றாண்டு உரைநடையில் அது பெரும்பாலும் பொருந்திவிடும்.